இந்துமதி மூன்று முறை எழுதிய இங்கிலீஷ் பரீட்சை

காலை எட்டு மணிக்கே "கோ, வென்ட், கான்" என்று ஆரம்பித்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? தேயிலைக் காட்டில் இந்துமதிக்கும் எனக்கும் அடுத்தடுத்த நிரை. நான் 'டேக்' என்பேன். அவள் கொழுந்தைக் கிள்ளியபடியே 'டுக், டேக்கன்' என்பாள். நான் 'புட்' என்றால் அவளும் 'புட், புட்' என்பாள். மூன்றும் ஒன்றுதான் என்றால் எந்த மகராசன் அதற்கு மூன்று கட்டம் போட்டானோ தெரியவில்லை.

எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளிலேயே பிறந்தவள் அவள். ஒன்பதாவதோடு படிப்பை விட்டு, பதினேழு வருடமாகக் கொழுந்து எடுக்கிறாள். பத்தாவதைத் தனியாக எழுத ஆரம்பித்து, இங்கிலீஷைப் பிறகு எழுதலாம் என்று விட்டு, மற்ற எல்லாம் தேறியிருந்தாள். அந்த வருட மழைக்காலத்தில்தான் கொழுந்து மூட்டையோடு சரிவில் விழுந்தாள். இனிச் சுமை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியும், வேறு வழியில்லாமல் சுமந்துகொண்டுதான் இருந்தாள். எஸ்டேட் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் ஆயா வேலை ஆள் கிடைக்காமல் காலியாகவே கிடந்தது. அதற்குப் பத்தாவது பாஸ் வேண்டும். விழுந்த பிறகு எழுதிய இரண்டு தடவையும் இங்கிலீஷ் ஊற்றிக்கொண்டது.

நிரையில் ஒன்றுகூடப் பிசகாதவள், பரீட்சையில் மட்டும் பாதித் தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வராதா? மரமண்டை என்று எல்லார் முன்னாலும் திட்டினேன். எங்களை வேலை வாங்கும் கங்காணி வேலாமணிகூடச் சிரித்தார். அவள் குனிந்து அடுத்த கொழுந்தைக் கிள்ளினாள்.

மூன்றாம் முறை லீவு போட்டு நானே குன்னூருக்குக் கூட்டிப்போனேன். பரீட்சை அறையின் பெஞ்சுகளைப் பார்த்ததுமே அவள் முகம் செத்துவிட்டது. மறந்துவிட்டதா என்று தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"எல்லாம் ஞாபகம் இருக்குதுங்கக்கா. ஒரு மணி நேரத்துக்கு மேல உட்கார முடியல. இடுப்பு விண்டு போகுது. அதான் எந்திரிச்சு வந்தர்றேன்."

அட பாவி மகளே! விறுவிறுவென்று உள்ளே போய், நின்றுகொண்டு எழுதலாமா என்று அங்கிருந்த டீச்சரிடம் கேட்டேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"கடைசி வரிசையில நின்னு எழுதட்டுங்க. அதுக்கென்ன?"

ஐம்பத்திரண்டு மார்க். லைன் முழுக்க மிட்டாய் தின்றது. நான் மட்டும் அவளைப் பிடித்துத் திட்டினேன். இதை முதல் தடவையே கேட்டுத் தொலைத்திருந்தால் இரண்டு வருடம் மூட்டை சுமந்திருக்க வேண்டாமே.

"கேக்கலாம்னு தெரியாதுங்கக்கா" என்றாள்.

பக்கத்து நிரையில் நின்று தினமும் திட்டிய நானும், ஏன் எழுந்து வந்தாய் என்று அவளை ஒரு தடவைகூடக் கேட்டிருக்கவில்லை.