ஆடிக்கு முன் காயாத சுவர்

1. முதல் நாள், வயலில்

கட்டட வேலை பழகப் போன என்னை முதல் நாள் கட்டடத்துக்குக் கூட்டிப் போகவில்லை. வயலுக்குக் கூட்டிப் போனார்கள். அதற்கு முன் பதினொரு வருடம் பிரான்சில், பரிஸ் நகரத்தில் அலுவலகங்கள் துடைத்தவள் நான். தரை கழுவ ஊற்றும் ஜாவெல் தண்ணீரின் நெடியில் நெஞ்சு அடைக்கத் தொடங்கியதும் வைத்தியர் அந்த வேலையை விடச் சொன்னார். நாற்பத்தாறு வயதில், வெக்கையும் குளிரும் வீட்டுக்குள் வராமல் சுவருக்கும் கூரைக்கும் உள்பக்கம் தடுப்புப் போடும் வேலையைப் பழகினேன். அதில் சிமெந்து இல்லை. ஷான்வ்ர் என்ற செடியின் தண்டும் சுண்ணாம்பும் தண்ணீரும்தான்.

ஷான்வ்ர் கஞ்சாவின் இனம். ஆனால் போதை இல்லை. இதை எங்கள் ஈழத் தமிழர் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் எத்தனை பேருக்குச் சொல்லிக் களைத்திருப்பேன். அங்கே ரூ காய் தெருவில் மரக்கறி வாங்கப் போனால் கடைக்காரத் தம்பி கேட்பான்:

"ராணி அக்கா, இண்டைக்கு எந்தச் சுவரைப் புகைக்கப் போறியள்?"

"உன்ரை கடைச் சுவரைத்தான். நீ வெளியாலை நில்."

அந்த வயலில் செடி என் தலைக்கு மேலே இரண்டு முழம் நின்றது. சித்திரையில் விதைத்ததாம். விவசாயி ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் காட்டினார். ஆழமாகப் போயிருந்தது. மண் கையில் பொலபொலவென்று உதிர்ந்தது. மருந்து அடிப்பதில்லை, தண்ணீர் கட்டுவதில்லை, இலை உதிர்ந்து அதே மண்ணுக்குப் போகிறது, அடுத்த வருடம் அங்கே கோதுமை நன்றாக வரும் என்றார். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து ஆளின் சோளம் மழையில்லாமல் கருகி நின்றது. காலநிலை, மண்ணை மீட்பது என்று கூட்டங்களில் பெரிய வார்த்தைகள் பேசுகிறார்கள். எனக்கு அந்த இரண்டு வயலையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தது போதும். செடி காற்றிலிருந்து இழுத்த கரி, சுவர் நிற்கும்வரை சுவருக்குள் அடைந்து கிடக்கும் என்பதும் அன்றுதான் விளங்கியது.

கடைசியில் நறுக்கிய தண்டுச் சக்கையில் ஒரு பிடி அள்ளி என் கையில் வைத்தார். இது தண்ணீரை வேகமாகக் குடிக்கும், மெதுவாகத்தான் விடும். விடுவதற்கு முன் மூடினால் அழுகும். இதை இரண்டு முறை சொன்னார். என் பிரெஞ்சு விளங்காதென்று நினைத்திருப்பார். நன்றாகவே விளங்கியது. அதனால்தான் பிறகு நான் செய்ததற்கு எனக்கு மன்னிப்பில்லை.

2. தகட்டுக்குக் கீழே

பயிற்சி முடிந்து தேவன் அண்ணையின் சிறிய கொம்பனியில் சேர்ந்தேன். அவர் எங்கள் ஆள். இருபது வருடம் பெயின்ட், ஓடு, குழாய் வேலை செய்தவர். இந்தச் சுவர் வேலைக்கு அரசாங்க உதவி கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு இதில் இறங்கினார். செடியைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது.

2019 வைகாசியில் ரவியின் வீட்டு வேலை வந்தது. ரவி ரூ காயில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல். லாச்சப்பலில் ஆறாம் மாடியில் வாடகைக்கு இருந்த இரண்டு அறையையே வாங்கியிருந்தார். லிப்ட் இல்லை. தலைக்கு மேலே தகட்டுக் கூரை. பரிசில் கூரைத் தகட்டுக்குக் கீழே கோடையில் இருந்து பார்க்காதவர்களுக்கு அதைச் சொல்லி விளங்கப்படுத்த ஏலாது. போன கோடையில் ரவியின் மனைவி சுபா படியில் மயங்கி விழுந்திருக்கிறாள். இந்த வருடம் அவள் ஆறு மாதக் கர்ப்பிணி. வேலை நடக்கும்வரை புறநகரில், வில்லியே லே பெல்லில் சுபாவின் அக்கா வீட்டில் போய் நின்றார்கள்.

கூரை மரங்களுக்கு இடையிலும் கோடிச் சுவரிலும் கலவையை நிரப்பினோம். மெல்லத் தட்டி நிரப்ப வேண்டும். எங்கள் பெடியள் கொங்கிறீட் போடுகிற பழக்கத்தில் இடி இடியென்று இடித்தார்கள். காற்று நிற்க இடமில்லாவிட்டால் அது வெக்கையைத் தடுக்காது. அப்படி இடித்து நிரப்பிய இரண்டு கட்டத்தை உடைத்துத் திரும்பப் போட வைத்தேன்.

"பொம்பிளை மேசன் வந்தா இப்பிடித்தான். குழந்தைக்குத் தலை தடவிற மாதிரித் தட்டோணும் எண்டுறா" என்றான் ஒருவன்.

"குழந்தைக்குத்தான்ரா தட்டுறாய். அதை யோசிச்சுத் தட்டு" என்றேன்.

வேலை முடிந்தது. இனிக் காய வேண்டும். அந்தத் தடிப்புக்கு இரண்டு மாதம். அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது, தேவன் அண்ணை வேலையைப் பிடிப்பதற்காக ரவிக்கு மூன்று கிழமையில் காயும் என்று சொல்லியிருக்கிறார்.

3. பொலித்தீன் தாள்

சுவர் காய்ந்ததா என்று பார்க்க ஒரு லேசான வழி உண்டு. ஒரு துண்டு கண்ணாடிப் பொலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட வேண்டும். உள்பக்கம் நீர்த்துளி இருந்தால் காயவில்லை.

யூலை முதற் கிழமை போய்ப் பார்த்தேன். தாள் முழுக்கத் துளி. நான் பார்த்துக்கொண்டு நிற்க, தேவன் அண்ணையும் ரவியும் வந்தார்கள். ரவியின் கையில் பஞ்சாங்கக் கலண்டர்.

"அக்கா, பதினேழாந் திகதி ஆடி பிறக்குது. ஆடியிலை குடிபோக ஏலாது. ஆவணி வரை பாத்தா பிள்ளை பிறந்திடும். பதினாலாந் திகதி பால் காய்ச்ச நாள் வைச்சிட்டம்."

"தம்பி, சுவர் காயேல்லை. இஞ்சை பாரும்." தாளைக் காட்டினேன்.

தேவன் அண்ணை குறுக்கே வந்தார். "ராணி, உமக்கு எல்லாத்துக்கும் பயம். இந்த வெயிலுக்கு மிச்சம் தானாக் காயும். பெயின்டை அடிச்சு முடிச்சுவிடும்."

"சுண்ணாம்புப் பெயின்ட் எண்டாலும் கொண்டு வாங்கோ அண்ணை. அது மூச்சு விடும்."

"குழந்தை கிறுக்கும், கழுவிற பெயின்ட் தான் வேணும் எண்டு அவை கேக்கினம். நான் வாங்கியாச்சு."

வாசலில் இரண்டு பெரிய வாளி பிளாஸ்டிக் பெயின்ட் நின்றது. ரவி என் முகத்தைப் பார்த்தார். நான் இன்னொரு முறை ஏலாது என்று சொல்லியிருந்தால் அவர் நின்றிருப்பார். எனக்கு அது தெரியும். ஆனால் என் வேலை அனுமதி அட்டையைப் புதுப்பிக்கிற நேரம். அதற்குப் பத்ரோனின், முதலாளி தேவன் அண்ணையின், கடிதம் வேண்டும். நான் தாளை உரித்தேன். துளியைச் சட்டைக் கையால் துடைத்தேன். தாளைச் சுருட்டிப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு ரோலரைக் கையில் எடுத்தேன். வேறு யாரும் அடிக்கவில்லை. அந்தச் சுவருக்கு இரண்டு பூச்சும் நான்தான் அடித்தேன்.

பதினாலாம் திகதி பால் பொங்கியது. எனக்கும் ஒரு கிண்ணம் பொங்கல் புக்கை தந்தார்கள். சாப்பிட்டேன்.

4. சுவர் வேர்த்தது

யூலைக் கடைசியில் பரிசில் நாங்கள் கண்டிராத வெக்கை. இரண்டாம் நாள் மத்தியானம் சுபா தொலைபேசி எடுத்தாள்.

"அக்கா, சுவர் வேர்க்குது. ஒரு மாதிரி மணக்குது. நெஞ்சுக்கை இறுகுது."

ஆறு மாடியும் ஓடி ஏறினேன். கோடிச் சுவரில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நின்றது. உள்ளங்கை அளவுக் கொப்புளங்கள். ஒன்றை ஆணியால் குத்தினேன். மண்ணிறத் தண்ணீர் வடிந்தது. வெயில் வெளியிலிருந்து தகட்டையும் சுவரையும் சுட, உள்ளே கிடந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் அறைப் பக்கம் தள்ளியிருக்கிறது. புதிதாக வாங்கிய தொட்டிலைத் தள்ளிப் பார்த்தேன். பின்னால் கறுப்புப் பூஞ்சணம். சுபா கட்டிலில் இருந்து கால்களை வாளித் தண்ணீருக்குள் வைத்தபடி இழுத்து இழுத்து மூச்சு விட்டாள். அந்த மூச்சை எனக்குத் தெரியும். ஜாவெல் தண்ணீர் எனக்குத் தந்த அதே மூச்சு.

"எழும்பு பிள்ளை. இப்பவே அக்கா வீட்டை போ."

ரவி கடையிலிருந்து ஏப்ரனோடு ஓடி வந்தார். அவளை டாக்சியில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து என் முன்னால் நின்றார்.

"கஞ்சாச் செடி, மண், மூச்சு எண்டு கதை கதையாச் சொன்னியள். இதுவே உங்கடை சுவர்?"

"சுவரிலை பிழையில்லை. நான் தான் பிழை விட்டனான்."

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமெல்லோ?"

"சொன்னன். பிறகு வாயை மூடிக்கொண்டு பெயின்ட் அடிச்சன்."

அவருக்கு அடிக்கக் கை ஓங்கியது. ஓங்கிய கையாலேயே கொப்புளத்தை இழுத்தார். பெயின்ட் ஒரு முழம் தோல் மாதிரி உரிந்து வந்தது.

தேவன் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். "இந்த வெக்கைக்கு எல்லா வீடும்தான் வேர்க்கும். அவை கேட்ட நாளுக்கு முடிச்சுக் குடுத்தம். திருத்த ஆளெல்லாம் அனுப்ப ஏலாது" என்றார். நான் என் விடுமுறையை எடுத்தேன். பகல் முழுக்க நான் சுரண்டினேன். மத்தியானச் சமையல் முடிந்து கடை மூடுகிற இடைவெளியில் ரவி வந்து சுரண்டினார். முகமூடிக்குள் வியர்வை வாய்க்கு வந்தது. பூஞ்சணம் பிடித்த இடத்தில் ஒரு விரல் ஆழம் வெட்டி எடுத்தேன். அதற்குப் பின்னால் சக்கை வெள்ளையாக, நல்ல மணமாக இருந்தது. சுண்ணாம்பு காப்பாற்றியிருக்கிறது. அந்த இடத்தில் நின்று அழுதேன். ஒருவரும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் சுபாவுக்குப் பிள்ளை பிறந்தது. குறித்த நாளுக்கு மூன்று கிழமை முந்தி. பெண் பிள்ளை. சின்ன உடம்பு, நெஞ்சு பலமில்லை. ஈரமான, பூஞ்சண வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் எழுதியே கொடுத்தார்கள்.

5. சாவி

யன்னல்களைத் திறந்து வைத்து, காற்றாடி போட்டுச் சுவரைக் காயவிட்டோம். ஓகஸ்டில் மழை பெய்து இழுத்தடித்தது. சாவி என்னிடம் இருந்தது. ஒவ்வொரு நாளும் வேலை முடிய ஆறு மாடி ஏறித் தாளைப் பார்ப்பேன்.

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு, பிள்ளை பெற்ற தீட்டைக் கழிக்கிற சடங்கு. அன்றே பிள்ளையைச் சொந்த வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று ரவியின் ஆட்கள் நாள் வைத்தார்கள். அதற்கு முதல் நாள் ரவியும் தேவன் அண்ணையும் மேலே வந்தார்கள். மற்ற மூன்று மூலையும் காய்ந்துவிட்டது. தொட்டில் வைக்கிற மூலையில் மட்டும் தாளில் பனிப்புகார் மாதிரி ஈரம்.

"இது ஈரமே? மூச்சு விட்டாலும் இவ்வளவு வரும்" என்றார் தேவன் அண்ணை. "சாவியைக் குடும் ராணி. சனத்துக்குச் சொல்லியாச்சு."

"தரமாட்டன்."

"ஆரின்ரை வீட்டுச் சாவி? உம்மடையே?"

"வீடு அவையின்ரை. சுவர் என்ரை. காஞ்சாப்பிறகு தாறன்."

"அப்ப நாளைக்கு வேலைக்கு வராதையும். கடிதமும் கிடையாது."

பொய் சொல்லமாட்டேன், பயந்தேன். சாவியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்தேன், உள்ளங்கையில் பதிந்தது. ரவி அதைப் பார்த்தார். தொலைபேசியை எடுத்து சுபாவைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்க விட்டார்.

"அக்கா என்ன சொல்லுறா?" என்றாள் சுபா.

"காயேல்லை எண்டுறா. சாவி தரமாட்டாவாம்."

சிணுங்கிய பிள்ளையைத் தட்டிக்கொண்டே சுபா சொன்னாள்:

"அப்ப துடக்கை இஞ்சை அக்கா வீட்டிலை கழிப்பம். உங்கடை மாமாவுக்கு நான் சொல்லுறன். ராணி அக்கா வா எண்டு சொல்லுற அண்டைக்கு வாறன்."

தேவன் அண்ணை படியிறங்கிப் போனார். அவர் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டு போனது ஆறு மாடிக்கும் கேட்டது. அடுத்த நாள் நான் வேலைக்குப் போகவில்லை. பிறகும் போகவில்லை. பயிற்சி தந்த இடத்தில் போய் நின்றேன். அவர்கள் வேறு இடத்தில் சேர்த்துவிட்டு, அட்டைக்குக் கடிதமும் கொடுத்தார்கள். அதற்குள் நான் பட்ட பாடு தனிக் கதை.

பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, தாள் காய்ந்த தாளாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டு சுபாவுக்குச் சொன்னேன். பின்னேரம் மூன்று மணிக்கு வந்தார்கள். ரவி வாசலில் கால் வைக்காமல் நின்றார்.

"அக்கா, செவ்வாய்க்கிழமை மூண்டு மணி. ராகு காலம்."

"சுவருக்கு அது தெரியாது. உள்ளை வாங்கோ" என்றாள் சுபா. பிள்ளையைத் தோளில் போட்டபடி நேரே சுவரண்டை போய்ப் புறங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு டேப்பை அவளே உரித்தாள். தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ரவியிடம் கொடுத்தாள். அவரும் பார்த்தார். அதன் பிறகுதான் சாமிப் படத்துக்கு விளக்கு வைத்தார்கள்.

அந்தச் சுவருக்குச் சுண்ணாம்புதான் பூசினேன். பிள்ளை இப்போது அதில் கிறுக்குகிறாள். கழுவ ஏலாது. நானே வருடத்துக்கு ஒரு முறை போய்த் திரும்பப் பூசுகிறேன். வெளியில் கொதிக்கிற நாளிலும் அந்த அறையில் அவள் மத்தியானத்தில் நித்திரை கொள்கிறாள்.

இந்த வேலை பழக வருகிறவர்களுக்கு நான் கலவை அளவு சொல்லிக் கொடுப்பதற்கு முன் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். பூமி சூடாகிறது, செடி காப்பாற்றும் என்று நம்பி வருகிறார்கள். செடி தன் வேலையைச் செய்யும், நீ அதைக் கெடுக்காமல் இருக்க வேண்டும். தாளில் துளி இருந்தால் பத்ரோனிடம் காட்டாதே, அந்த வீட்டில் படுக்கப் போகிறவருக்குக் காட்டு. ஏலாது என்று வாயால் சொல்லிவிட்டு ரோலரைக் கையில் எடுத்தால், நீ சொன்னதற்கு ஒரு மதிப்பும் இல்லை. பூஞ்சணம் உன்னுடையது.