மூடியில் வைத்த நெயில் பாலிஷ்

சித்தியின் சிவப்பு நெயில் பாலிஷைச் சித்தப்பா பெட்ரோல் கேனில் தடவிக்கொண்டிருந்த காட்சிதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. மூடியில் பாதி, கேனின் கழுத்தில் பாதி என்று ஒரு பொட்டு வைப்பார். யாராவது மூடியைத் திருகினால் பொட்டு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். ராஜஸ்தான் பாலைவனத்தில் பல நாள் ஓடும் பைக் ரேஸுக்கு என்னோடு மெக்கானிக்காக வந்திருந்தார். ஸ்ரீரங்கத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர். எந்த பங்க் ஆனாலும் வடிதாளில் ஒரு சொட்டு விட்டு, கறை படிகிறதா என்று பார்த்த பிறகுதான் பெட்ரோல் வாங்குவார். டீக்கடையில் பால் பாக்கெட்டைப் பிரிப்பதைக்கூட எட்டிப் பார்க்கிற மனிதர். அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் நான் என்று எனக்கு ஒரு கர்வமே உண்டு.

கடைசி நாள் காலையில் என் பிரிவில் நான் மூன்றாவதாக இருந்தேன். அதே இடத்தில் முடித்தால் அடுத்த வருடம் தங்கள் அணியில் சேர்த்துக்கொள்வதாக ஒரு கம்பெனி மேனேஜர் சொல்லியிருந்தார். அதுவரை பங்க்குகளிலேயே நிரப்பி வந்தோம்; அன்று வழியில் பங்க் கிடையாது என்பதால் சித்தப்பா, அந்த நாளுக்கென்று ஒதுக்கிய கேனிலிருந்து டேங்கை நிரப்பினார். மூடியில் பொட்டு உடையாமல் இருந்ததா என்று நான் கவனிக்கவில்லை. கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன். மணல்மேட்டில் ஏறும்போது வண்டி இருமியது, திணறியது, நின்றுவிட்டது. டேங்கின் அடியிலிருந்து பெட்ரோலைக் குடிநீர் பாட்டிலில் பிடித்துப் பார்த்தேன். அடியில் தண்ணீர், மேலே பெட்ரோல். மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாக என்னைத் தாண்டிப் போயின. எனக்கு அழுகையாக வந்தது. யார் செய்த வேலை இது என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு முகாமுக்கு வந்ததும் சித்தப்பா பக்கத்துக் கூடாரத்துக்காரர் மேல் பாய்ந்தார். முந்தின நாள் புனல் இரவல் கேட்டு எங்கள் வேன் பக்கம் வந்தவர் அவர். எனக்கும் அவர் மேல்தான் சந்தேகம். அவர் சண்டைக்கு வரவில்லை. திறக்காமல் கிடந்த இன்னொரு கேனைக் காட்டி, அதையும் பார்த்துவிட்டுப் பேசச் சொன்னார். அதில் பொட்டு கீறல்கூட விழாமல் இருந்தது. சித்தப்பாவே திறந்து, அடிவரை சரித்து ஊற்றினார். அதிலும் தண்ணீர்.

வெகுநேரம் கழித்து என்னிடம் மட்டும் சொன்னார்.

"கடைக்காரன் பழைய கேனைப் புதுசுன்னு வித்துட்டானோன்னு இருந்துச்சும்மா. கிளம்புற அன்னிக்கு ரெண்டையும் வீட்டுக் குழாயில கழுவினேன். கவுத்துக் காயவைக்க மறந்துட்டேன்."

மறப்பாரா? ஒரு நட்டைக் கழுவினாலும் துணியால் துடைத்து வெயிலில் வைக்கிறவர். நான் ரேஸ் ஓட்டுவது அம்மாவுக்குப் பிடிக்காது. கிளம்புவதற்கு முன் அவரைச் சமையலறைக்குள் கூப்பிட்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போனதும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். திருச்சி வந்து சேரும்வரை வேனில் இதையேதான் புரட்டிப் புரட்டி யோசித்தேன். ஊர் வந்ததும் கேட்டே விட்டேன்.

"அம்மா சொல்லித்தான் செஞ்சீங்களா சித்தப்பா?"

"இல்லம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வேளாவேளைக்கு என்னைச் சாப்பிட வைக்கும்படிதான் சொன்னதாக அம்மா சொல்கிறாள். இருக்கலாம். அதற்கு ஏன் பேச்சை நிறுத்த வேண்டும்? அந்தக் கம்பெனி வேறொருவரைச் சேர்த்துக்கொண்டது. நான் இப்போது சின்னச் சின்ன ரேஸ்களுக்குப் போகிறேன்.

போன மாதம் ஜீயபுரம் பக்கம் மண்பாதையில் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினேன். சித்தப்பா வந்து செயின், டயர், பிரேக் எல்லாவற்றையும் குனிந்து பார்த்தார். டேங்கைத் திறந்து அவரிடம் கேனை நீட்டினேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீயே ஊத்திக்கம்மா. நான் தொட்டா உனக்குச் சந்தேகம் வரும்."

வராது என்று சொல்ல வாயெடுத்தேன். அவரிடம் பொய் சொல்லித் தப்பிக்க முடியாது. நானே ஊற்றினேன்.