குமிழைத் திருகியது யார்?

குற்றாலத்துப் பாறையில் வழுக்கி என் கரண்டைக்கால் பிசகியது. அதன்பிறகு நடக்கும்போதெல்லாம் பாதம் மடங்கியது. தென்காசி ஆஸ்பத்திரி ஒன்றில் தசைக்குக் கரண்ட் வைத்து வலுவேற்றினார்கள். அங்கேதான் அந்தப் போலீஸ் ஏட்டையாவைப் பார்த்தேன். ஒல்லியான மனிதர். உட்காருமுன் பெல்ட்டைக் கழற்றிச் சுருட்டி மடியில் வைத்துக்கொள்வார். யாரையோ விரட்டியபோது அவருக்கும் கால் பிசகியதாம்.

ஒருநாள் என் பக்கத்தில் ஒரு பீடித் தொழிலாளி காத்திருந்தான். எதிர்க் கட்டிலில் ஏட்டையாவுக்குக் கரண்ட் வைத்திருந்தார்கள். "ஸ்டிரைக்குல என் காலை அடிச்சு நொறுக்குனது இவருதான்" என்று மெல்லச் சொன்னான். நர்ஸ் வெளியே போனதும் நொண்டிக்கொண்டே எழுந்து, ஏட்டையாவின் காலோடு இணைத்திருந்த மெஷினின் குமிழைக் கடைசிவரை திருகினான். கால் வெட்டி வெட்டி இழுத்தது. அவர் அலறிக்கொண்டு கட்டிலிலிருந்து விழுந்தார். நெற்றி கிழிந்து ரத்தம் கொட்டியது.

நர்ஸ் ஓடிவந்து மெஷினை அணைத்தார். "யாரு திருகுனது?"

"நாந்தாம்மா. கூட வச்சா சீக்கிரம் குணமாவும்னு நெனச்சேன்" என்றார் ஏட்டையா.

நர்ஸ் பஞ்செடுக்கப் போனதும் அவன் கேட்டான்: "எதுக்குவே பொய் சொன்னீரு?"

"சொன்னா உன்னைய வெரட்டிருவாங்கலே. பெறகு உன் காலு எப்படி நேராவும்?"

அவன் காலை நொறுக்கிய அன்று இந்த யோசனை அவருக்கு எங்கே போயிருந்தது என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.