கண்ணைக் கட்டிக்கொண்டு பதில் சொன்னவள்

சித்தூர் மிஷன் அச்சகத்தில் நான் பிழை திருத்துபவனாக இருந்தேன். அப்போது என்னைத் தேடி வந்தவர்களில் பலர் அச்சு வேலைக்காக வந்தவர்கள் அல்ல, மேஜிக்காரர்கள். வேலூர், புத்தூர், திருப்பதி என்று எங்கிருந்தோ பஸ் பிடித்து வந்து, வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். சாப்பாட்டு மணி அடித்து நான் வெளியே வந்ததும் எழுந்து நின்று, "புதுசா எதுனா வந்துதாண்ணா?" என்பார்கள்.

இளவயதில் நானும் கிறிஸ்மஸ் கூட்டங்களில் சீட்டுக்கட்டும் காசும் வைத்து வித்தை காட்டியவன்தான். காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் அச்சு மெஷினில் காகிதம் கொடுக்கும்போது வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. காயம் ஆறியதும் அச்சகத்துத் துரை என்னைப் பிழை திருத்தும் மேஜைக்கு மாற்றினார். அதன் பிறகு காசை உள்ளங்கையில் மறைக்க எனக்கு வழியில்லை. ஆனால் மேஜிக்கைப் பற்றிப் படிப்பதை விட முடியவில்லை. லண்டனிலும் கல்கத்தாவிலும் மேஜிக் சாமான் விற்கும் கடைகளின் படம் போட்ட கேட்லாக்குகளைத் தருவித்து வைத்திருப்பேன். இங்கிலீஷ் படிக்கத் தெரியாத வித்தைக்காரர்களுக்கு அதைத் தமிழிலோ தெலுங்கிலோ சொல்லி, யாருக்கு எது பொருந்தும் என்று யோசனை கூறுவேன். அதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எதையும் எடுத்தவுடன் சிபாரிசு செய்யமாட்டேன். எங்கே ஆடுகிறாய், பின்னால் சுவர் இருக்குமா, ஜனங்கள் சுற்றி உட்காருவார்களா, உனக்குப் பேச்சு வருமா, கை வேகமா என்று கேட்பேன். லண்டனில் திரைக்கு முன்னால் செய்கிற ஐட்டத்தைப் பங்காருபாளையம் சந்தையில் செய்தால் பின்னால் நிற்கிறவன் எல்லாவற்றையும் பார்த்துவிடுவான்.

அப்படி வந்தவர்களில் கார்வேட்டிநகரம் பக்கத்து ஊரைச் சேர்ந்த ஒரு புருஷன் பெண்டாட்டியை என்னால் மறக்க முடியாது. கூலி வேலை செய்த குடும்பம். அவன் ஜமீன் தோப்பில் வேலை பார்த்துக்கொண்டே, ஊர் ஊராகப் போன ஒரு வித்தைக்காரனைப் பார்த்துச் சில வித்தைகளைப் பிடித்திருந்தான். எடுப்பான குரல். ஆனால் கை தடிமனானது, வேகம் கிடையாது. முதல் தடவை அவன் காட்டிய சீட்டு வித்தையில் சீட்டு எங்கே போகிறது என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவன் பின்னால் நின்ற பெண்டாட்டி சிரித்துவிட்டாள்.

"நான் சொன்னேன் இல்ல? உன் கையில எலி ஓடினா கூட ஊருக்கே தெரியும்" என்றாள்.

அவனுக்குக் கோபம் வரவில்லை. "பாத்தீங்களாண்ணா, இவ வாய?" என்று அவனும் சிரித்தான்.

அந்தப் பேச்சைக் கேட்டபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இவர்களுக்குக் கை வித்தை வேண்டாம், வாய் வித்தைதான் வேண்டும். கண்ணைக் கட்டிய பெண் மேடையில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். புருஷன் ஜனங்களுக்கு நடுவே போய் யாரிடமாவது ஒரு பொருளை வாங்கி, இது என்ன என்று கேட்பான். அவள் சரியாகச் சொல்வாள். சூட்சுமம் எல்லாம் அவன் கேட்கிற விதத்தில் இருக்கிறது. எந்தச் சொல்லில் தொடங்கிக் கேட்டால் எந்தப் பொருள் என்று இருவரும் முன்பே பேசி வைத்திருப்பார்கள். என்னிடம் அதைப் பற்றி ஒரு இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. அதிலிருந்த சங்கேதங்களை நான் தமிழுக்கு மாற்றினேன். "சொல்லு அம்மணி" என்றால் காசு. "பார்த்துச் சொல்லு" என்றால் மோதிரம். "நல்லா யோசி" என்றால் மூக்குக்கண்ணாடி. தெலுங்கில் "செப்பு" என்று தொடங்கினால் வெற்றிலைப் பை.

அவளுக்கு எழுத்து தெரியாது. நான் ஒரு முறை சொல்ல, அவள் வேப்பங்குச்சியால் தரையில் கோடு கிழித்துக்கொண்டே கேட்டாள். அவன் ஊருக்குப் போகும் வழியெல்லாம் தப்புத் தப்பாகச் சொல்ல, அவள்தான் திருத்திக்கொண்டே வந்தாளாம்.

அடுத்த புரட்டாசி பிரம்மோற்சவத்தின்போது திருப்பதியில் ஒரு சத்திரத்துக்கு எதிரே அவர்கள் ஆடியதை நான் போய்ப் பார்த்தேன். மலையிலிருந்து இறங்கி வந்த ஜனக்கூட்டம். மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய ஒருவர் வேடிக்கைக்காக ஒரு சீப்பை எடுத்துக் கொடுத்தார். அவன் என்னவோ கேட்டான். என் புத்தகத்தில் இல்லாத கேள்வி. கண்கட்டுக்குள்ளிருந்து அவள் சற்றும் தயங்காமல் சொன்னாள்:

"அந்த மொட்டைத்தலை மாமாவ கேளு, இனிமே அவருக்குச் சீப்பு எதுக்காம்? எனக்காவது குடுத்துட்டுப் போகலாம் இல்ல?"

கூட்டம் குலுங்கியது. சீப்பை அவள் சொன்னதைவிட மொட்டையைச் சொன்னதுதான் அதிசயம். ஆட்டம் முடிந்து நான் விசாரித்தபோது, "நீங்க சொன்னது பத்தலண்ணா. திருப்பதிக்கு வர ஜனம் கையில இன்னா இன்னா இருக்கும்னு நாங்களே யோசிச்சுச் சேத்துக்கினோம்" என்றாள். துளசி மணி, தாயத்து, பிரசாதப் பொட்டலம், மயிர் இறக்கிய தலை எல்லாவற்றுக்கும் அவர்களிடம் சொல் இருந்தது. எனக்கு அவற்றை அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வித்தை அவர்களுடையது ஆகிவிட்டதில் எனக்குச் சந்தோஷம்.

இரண்டு மூன்று வருஷம் அவர்கள் பேர் அந்தப் பக்கம் முழுக்கப் பரவியிருந்தது. ஜெர்மன்காரனோடு சண்டை ஆரம்பித்துக் கப்பல் வராமல் என் கேட்லாக்குகளும் நின்றுபோயின. பிறகு ஒரு பிரம்மோற்சவம் முடிந்த கையோடு திருப்பதியில் வாந்திபேதி கண்டது. அவள் அதில் போய்விட்டாள்.

செய்தி எனக்கு எட்டவில்லை. அவனே வந்துதான் தெரிந்தது. வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தான். "எங்கேப்பா அவங்க?" என்று கேட்டேன். அவன் தலையை மட்டும் ஆட்டினான். வீட்டுக்கு அழைத்துப் போனேன். விஷயம் தெரிந்ததும் என் மனைவி அடுப்பங்கரையில் நின்று அழுதாள். அவன் அழவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னான்:

"ஒத்தை ஆளு பண்ற ஐட்டம் எதுனா சொல்லுண்ணா. பேசாம பண்றதா இருக்கணும்."

"அவசரம் என்னப்பா? கொஞ்ச நாள் போகட்டும்."

"வூட்ல குந்தினு இருக்க முடியலண்ணா. கூத்து, கல்யாணம்னு எங்கனா போய்க்கினே இருக்கணும்."

பழைய கேட்லாக்குகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கை வேகம் இல்லாதவன், பேசவும் மாட்டேன் என்கிறான். ஒரு பக்கத்தில் கேள்வி கேட்டால் தானாக அடித்துப் பதில் சொல்லும் மணி ஒன்று இருந்தது. ஒரு அடி என்றால் ஆம், இரண்டு அடி என்றால் இல்லை. தனியாள் ஆடுகிறவர்களுக்கு அது நல்ல ஐட்டம். படத்தைக் காட்டி விளக்கினேன்.

"இது வேணாம்ணா" என்று புத்தகத்தை என் பக்கம் தள்ளினான்.

கடைசியில் இரண்டு சொன்னேன். காகிதத்தைக் கிழித்து மறுபடி முழுசாக்குவது ஒன்று. கயிற்றை வெட்டி ஒட்டுவது மற்றொன்று. இரண்டுக்கும் கை வேகம் அதிகம் வேண்டாம், முன்னேற்பாடுதான் முக்கியம். வெளியூர்ச் சாமானும் தேவையில்லை. கயிறு மெத்தென்று இருக்கவேண்டும், பஜாரில் விளக்குத்திரி விற்பவனிடம் வாங்கிக்கொள் என்றேன். என் குறைக் கையால் செய்ய முடியாததை வாயால் சொன்னேன். அவன் செய்து செய்து பார்த்தான். பல ஞாயிற்றுக்கிழமைகள் நான் கோயில் ஆராதனை முடிந்து வரும்போது அவன் என் வீட்டில் காகிதம் கிழித்துக்கொண்டிருப்பான்.

மாங்காய் சீசன் முடிகிற சமயம் பங்காருபாளையத்தில் ஒரு மண்டிக்காரர் தம் ஆட்களுக்காக வேடிக்கை வைத்தார். அவனைக் கூப்பிட்டிருந்தார். துணைக்கு நானும் போனேன். வெயில் தாழ்ந்த நேரம். கூடைகளை ஓரமாக அடுக்கிவிட்டுக் களத்தில் ஒரு சின்ன மேடை போட்டு, எதிரே பாய் விரித்திருந்தார்கள். எனக்கு ஒரு பெஞ்சி போட்டார்கள். கயிறு ஐட்டம் சுமாராக நடந்தது. ஜனங்கள் தட்டினார்கள். அப்போது முன்வரிசையில் இருந்த ஒரு வியாபாரி எழுந்தார். முன்பு எங்கோ அவர்களைப் பார்த்தவர்.

"ஏம்ப்பா, உம் பொண்டாட்டி எங்க? கண்ணக் கட்டிக்கினு சொல்லுமே! அதக் கூப்பிடு. இந்தா, இது இன்னான்னு சொல்லட்டும்" என்று மோதிரத்தைக் கழற்றி நீட்டினார்.

அவன் கீழே இறங்கி வந்து அதை வாங்கிக்கொண்டான். இல்லை என்று சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். மேடைப் பக்கம் திரும்பினான். அங்கே ஒரு மேஜை மட்டும் இருந்தது. பழைய குரலில் உரக்கக் கேட்டான்:

"பார்த்துச் சொல்லு அம்மணி!"

களத்தில் ஒரு சத்தம் இல்லை. அந்த அமைதி என்னால் தாங்க முடியாததாக இருந்தது. என்னை அறியாமல் என் வாயிலிருந்து "மோதிரம்" என்று வந்துவிட்டது.

ஜனங்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பெஞ்சியில் உட்கார்ந்திருப்பவரும் ஆட்டத்தில் சேர்ந்தவர் என்று எண்ணிக் கை தட்டினார்கள். அவன் என்னைப் பார்க்கவில்லை. அடுத்திருந்த கூலியாள் சிரித்துக்கொண்டே ஒரு காய்ந்த மாங்கொட்டையை அவன் கையில் வைத்தான். அவன் மேடையைப் பார்த்தபடியே கேட்டான்:

"வெயிலு இன்னா வெயிலு, சொல்லு அம்மணி!"

அது எனக்குத் தெரியாத சொல். மாங்காய் ஊர்களுக்கு என்று அவள் சேர்த்து வைத்தது போலும். பொருள் என் கண் முன்னால்தான் இருந்தது, மாங்கொட்டை என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி எனக்கானது அல்ல என்று அப்போது புரிந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவன் காத்திருந்தான். பிறகு மாங்கொட்டையைக் கூலியாள் கையிலேயே மெல்ல வைத்தான்.

"அவ இல்லீங்க" என்றான். "இருந்தா சொல்லியிருப்பா."

மோதிரத்தையும் திருப்பிக் கொடுத்தான். மண்டிக்காரரின் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவன் மேடை ஏறி, காகிதத்தைக் கிழித்து, ஒரு வார்த்தை பேசாமல் முழுசாக்கிக் காட்டிவிட்டுக் கும்பிட்டான். யாரும் கை தட்டவில்லை. மோதிரம் கொடுத்த வியாபாரி ஒரு கூடை மாம்பழத்தை எடுத்துவந்து அவன் காலடியில் வைத்துவிட்டுப் போனார்.

பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரி வாயுவில் ஓடிய பஸ்ஸில் சித்தூர் திரும்பினோம். மேட்டில் ஏறாமல் வண்டி திணறியது. எல்லோரும் இறங்கி நடந்தோம்.

"வாய் தானா கேட்டுச்சுண்ணா" என்றான்.

"வேணும்னா நான் உன்கூட வரேன்ப்பா. லீவு நாளில் ஆடலாம். எனக்குப் பாதி தெரியுமே."

"வேணாம்ணா" என்றான். வண்டியைப் பின்னாலிருந்து தள்ளப் போனான்.

அவன் மாமியார் வீட்டார் அவனைத் தனியாக விடவில்லை. அடுத்த தையில் அவளுடைய தங்கையையே அவனுக்குக் கட்டிவைத்தார்கள். கொஞ்ச நாள் கழித்து இருவரும் வந்தார்கள். சின்னப் பெண். அக்காள் போல வாய் இல்லை. அவன் முன்னால் நிற்கவே கூச்சப்பட்டாள்.

"இதுவும் கூட வரேன்னு சொல்லுதுண்ணா. ரெண்டு பேரு பண்றது எதுனா பாரு. ஆனா கேள்வி பதில் வேணாம்."

கேட்லாக்கைப் புரட்டினேன். எத்தனையோ தடவை படித்த பக்கங்கள்தான். அன்றைக்குத்தான் கவனித்தேன். புருஷனும் பெண்ணும் சேர்ந்து செய்கிற ஐட்டம் என்றால், ஒன்று அவளைப் பெட்டியில் வைத்து மூடுவது, அல்லது ரம்பத்தால் அறுப்பது. இல்லாவிட்டால் கட்டிலில் படுக்கவைத்து வெள்ளைத் துணி போர்த்தி, துணியை இழுத்ததும் ஆள் இல்லாமல் போவது. அந்தப் படத்தை அவன் பார்த்துவிட்டான். நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அதிலும் போர்த்திய பெண்தான். புத்தகத்தையே மூடி வைத்துவிட்டேன்.

பிறகு அந்தப் பெண்ணிடம், "உனக்கு என்னம்மா நல்லா வரும்?" என்று கேட்டேன். அவள் புருஷனைப் பார்த்துவிட்டு, "தண்ணி தூக்குவேன்" என்றாள்.

தீராத செம்பு என்று ஒன்று உண்டு. எத்தனை தடவை கவிழ்த்தாலும் மறுபடி தண்ணீர் வரும். திருப்பதியில் செம்பு செய்கிறவரிடம் படம் வரைந்து கொடுத்து, உள்ளே இன்னொரு அறை வைத்துச் செய்யச் சொன்னேன். அந்தப் பெண் அதை நன்றாகவே செய்தாள். சத்திரத்து எதிரில் நான் பார்த்தேன். ஒவ்வொரு தடவை ஊற்றியதும் சரிதானா என்று அவன் முகத்தைப் பார்ப்பாள். அவன் கூட்டத்தில் யார் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பான்.

அவள் முழுகாமல் இருந்தபோது அவன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கும் வேலைக்குப் போனான். குரல் எடுப்பாக இருந்ததால் உடனே கிடைத்ததாம். சண்டை முடிந்த பிறகு ஒரு நாள், என் மனைவியின் ஒடிந்த கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு புத்தூரிலிருந்து திருப்பதிக்கு நாங்கள் ஏறிய பஸ்ஸில் அவன் இருந்தான். நரைத்திருந்தான். எங்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். பெண் குழந்தை பிறந்து நடக்கிறது என்றான். போய்விட்ட அக்காளின் பெயரையே வைத்திருக்கிறார்களாம், தங்கைதான் அப்படி வைக்கச் சொன்னாளாம்.

"கூப்பிடறதுக்குத்தான் எனக்கு வாய் வரல. பாப்பான்னுதான் கூப்பிடறேன்" என்றான்.

என் மனைவி அவன் தோளைத் தொட்டு, "பழகிடும்ப்பா" என்றாள். அவன் தலையாட்டினான். வடமாலபேட்டையில் வண்டி நின்றது. சந்தைக் கூட்டம் மூட்டைகளோடு முண்டியடித்து ஏறியது. அவன் எழுந்து உள்ளே நெருக்கிக்கொண்டு போனான். திருப்பதி வரையில் அவனுடைய குரல் மட்டும் கேட்டது.