பட்டு சிக்காத விரல்கள்

இல்லை, கிளிசரின் இல்லை. அப்படி ஒன்று இருப்பதே இந்தக் கல்லூரி விடுதிக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

எலுமிச்சைத் தோலின் உட்புறத்தில் ஒரு சிட்டிகை சர்க்கரை. விரல் நுனிகளில் தேய்த்தால் முதலில் நெறுநெறுப்பு... பிறகு சர்க்கரை கரைந்து, புளிப்பும் இனிப்புமாய் ஒரு வாசனை. சென்னையில் எங்காவது அது மூக்கில் பட்டால் போதும். நான் புதுச்சேரியில், கன்னியர் மடத்துத் தையல் கூடத்தில், பதினாறு வயதில் இருப்பேன்.

நகத்துக்குக் கணவாய் மீனின் ஓடு. குருசுக்குப்பத்துக் கரையில் வெள்ளை வெள்ளையாக ஒதுங்கிக் கிடக்கும். அதில் நகத்தின் ஓரத்தைத் தேய்த்தால் பிசிறே இருக்காது. அதைப் பொறுக்கிக்கொண்டு வந்து தந்தவள் கூடத்துத் தோழி பிலோமினா.

மருதாணி கூடாது. வியர்வையில் சாயம் இறங்கி வெள்ளைத் துணியில் படும்.

அழகுக்காகச் செய்தோம் என்று நினைத்துவிடாதீர்கள். பட்டுக்காகச் செய்தோம்.

மடத்துக் கன்னியரை நாங்கள் மாசேர் என்போம். கூடத்துக்குப் பொறுப்பான மாசேர் தினமும் காலையில் "லெ மேன்!" என்பார். மேன் என்றால் பிரெஞ்சில் கை. இருபது பெண்களும் கையை நீட்டுவோம். ஒரு பட்டுத் துணித் துண்டை ஒவ்வொருத்தியின் விரல் நுனியிலும் இழுப்பார். வழுக்கிக்கொண்டு போனால் பட்டில் பூவேலை. சிக்கினால் ஓரம் மடித்துத் தைக்கும் வரிசை. அதற்கு மேல் பேச்சு கிடையாது.

என் விரலில் பட்டு ஒருநாளும் சிக்கியதில்லை. குமாஸ்தா மகள். வீட்டில் ஒரு பாத்திரத்தைத் தொட்டதில்லை.

பிலோமினா குருசுக்குப்பத்துக்காரி. விடியற்காலையில் இறால் உரித்துவிட்டு வருவாள். ஒரு வருஷமாக மடிப்பு வரிசையிலேயே இருந்தாள்.

"பாஸ்கா பண்டிகைக்குள்ள பட்டு வாங்கிட்டா இங்கியே இருக்கலாம். இல்லன்னா கருவாட்டுக் கொட்டாதான்னு எங்கம்மா முடிவா சொல்லிடுச்சி" என்றாள் ஒருநாள்.

இறால் உரிப்பதைத் தங்கையிடம் கெஞ்சித் தள்ளிவிட்டாள். பாஸ்கா என்றால் ஈஸ்டர்; அதற்கு முந்தின நாற்பது நாள் தபசுக்காலம் முழுக்க, மத்தியானச் சாப்பாட்டு மணிக்குப் பிறகு, நானும் அவளும் கிணற்றடியில் உட்கார்ந்தோம். வெதுவெதுப்பான கஞ்சித் தண்ணீரில் கையை ஊறவைப்பது. எலுமிச்சை. கணவாய் ஓடு. கடைசியில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய்.

"தெனம் ஒரு எலுமிச்சங்கா தூக்கியார. உங்கம்மா உனுக்கு மசக்கையான்னு கேக்கப் போறாங்க பாரு!"

அவளுக்குச் சத்தமில்லாமல் சிரிக்கத் தெரியாது. மாடி ஜன்னல் திறக்கும். நாங்கள் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொள்வோம்.

பாஸ்காவுக்குப் பத்து நாள் இருக்கும். ஒரு புதன்கிழமை. மாசேர் அவள் விரலில் பட்டுத் துண்டை இழுத்தார். வழுக்கியது... வழுக்கியது... ஆள்காட்டி விரலில் லேசாக நின்று, பிறகு போயிற்று. மாசேர் அந்த விரலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"துமேன்" என்றார். அடுத்தவளிடம் நகர்ந்துவிட்டார்.

நான் ஊசி கோத்துக்கொண்டிருந்தேன். பிலோமினா என் பின்னால் வந்து நின்றாள்.

"ஏய், மேன்னா கைதான?"

"ஆமா, கைதான்" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சரி."

துமேன் என்றால் நாளைக்கு. அது எனக்குத் தெரியும். மாசேர் சொன்னதும் காதில் விழுந்தது. நாளைக்கு அவளுக்குப் பட்டு கிடைத்துவிடும் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. அவள் ஏன் கேட்டாள் என்று மட்டும் யோசிக்கவில்லை. அவளுக்குத் தெரிந்த பிரெஞ்சு அந்த ஒரு சொல்தான். கையைப் பார்த்தார்கள், கையைப் பற்றி ஏதோ சொன்னார்கள், நகர்ந்துவிட்டார்கள்... கை தேறாது என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் அவள் வரவில்லை. பட்டு நூல் கண்டு ஒன்றில் அவள் பெயரைக் கட்டி மாசேர் மேசைமேல் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமையும் அது அங்கேயே இருந்தது.

சனிக்கிழமை குருசுக்குப்பம் போனேன். கருவாட்டுக் கொட்டகையில் அவள் அம்மாவும் அவளும். வாளைமீனைப் பிளந்து பிளந்து உப்பைத் திணித்துக்கொண்டிருந்தாள். முள் குத்திய இடங்களில் உப்பு இறங்கி, விரல்கள் வெடித்திருந்தன.

"துமேன்னா கை இல்லடி. நாளைக்கு. நாளைக்குப் பாக்கலாம்னு சொன்னாங்க."

உப்புச் சட்டியில் வைத்த கையை அவள் எடுக்கவில்லை. என்னையே பார்த்தாள்.

"நாளைக்குன்னு சொல்ற வார்த்தையில கைய எதுக்குடி இழுக்கறாங்க?"

அவள் அம்மா சிரித்தாள். கொஞ்சம் பொறுத்து அவளும் சிரித்தாள். பிறகு இரண்டு கையையும் திருப்பிக் காட்டினாள்.

"இது தேற பதினஞ்சி நாளாவும். அதுவரைக்கும் பொறுத்திருப்பாங்களா?"

தவறு என்னுடையது என்று மாசேரிடம் சொன்னேன். பிரெஞ்சில், ஒரு இலக்கணப் பிழை இல்லாமல். அவர் முழுவதும் கேட்டார். பூவேலை போடுகிற மேசைவிரிப்பு அடுத்த வாரம் கப்பலேற வேண்டும் என்றார். பெயர்ச்சீட்டை அவிழ்த்துவிட்டு, அந்தக் கண்டை என் கையில் வைத்தார்.

அந்தப் பதினைந்து நாளும் அவளுக்குப் பதிலாக நான் உப்பில் கை வைத்தேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. வைக்கவில்லை. அந்த நூலில் பதினொரு ரோஜா போட்டேன்.

இப்போது இங்கே ஆளுக்கொரு புட்டி, ஆளுக்கொரு கண்ணாடி. கையின் இளமையைக் காப்பது எப்படி என்று பத்திரிகையில் படம் போட்டு எழுதுகிறார்கள். அப்போது ஒரு எலுமிச்சைத் தோல் இரண்டு பேருக்கு. பாதி நேரம் யார் விரலை யார் தேய்க்கிறோம் என்றே தெரியாது...

நீங்கள் என் கையைத் தொட்டுப் பார்த்து ரகசியம் கேட்கிறீர்கள். இதுதான்.

போன கிறிஸ்துமஸ் விடுமுறையில் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் பிலோமினாவைப் பார்த்தேன். முன்னால் மீன் கூடை, மடியில் குழந்தை. "அட, மடத்துக்காரி!" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். செதில் ஒட்டியது.

"அப்பிடியே வச்சிருக்கியே. ஆயுசுக்கும் காலேஜிலியே இருந்துடு, கெடாது."

நாலு சங்கரா மீன் எடுத்தேன்.

"குடு, ஆஞ்சித் தரேன். உனுக்கு எங்க தெரியும்?"

வேண்டாம் என்றேன். வீட்டுக்கு வந்து, அம்மாவை நகரச் சொல்லிவிட்டு, அரிவாள்மணையில் உட்கார்ந்து நாலு மீனையும் நானே ஆய்ந்தேன்.