பொரி தின்ற கார்

என் ஓரகத்தி காந்திமதியைப் பற்றிச் சொல்வதென்றால் அந்தக் காரிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டும்.

ஒரகடம் பக்கம் எங்கள் குடும்பத்து நிலம் கம்பெனிகளுக்குப் போனபின், அவள் புருஷன், என் மச்சாண்டார் கோதண்டம் தன் பங்கில் வரிசையாக ரூம்கள் கட்டினார். பழைய வெள்ளைக் கார் ஒன்றும் வாங்கினார். அதை அவர் ஓட்டியது குறைவு, துடைத்தது அதிகம். வாசலில் வண்டி நிற்பதை ஊர் பார்த்தால் போதும் அவருக்கு. ரூம்களில் தங்கிய தெற்கத்திப் பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் பொங்கிப் போட்டவள் காந்திமதி அக்கா. அந்தப் பிள்ளைகளுக்கு அவள் 'அக்கா', ஊருக்கு 'கோதண்டம் வூட்டம்மா'. அவள் பெயர் யார் வாயிலும் வந்து நான் கேட்டதில்லை.

அவளாகவே கேட்டு அலைந்து ஒரு கம்பெனி கேன்டீனில் பரிமாறுகிற வேலை வாங்கினாள். முதல் நாள் ஏழு மணிக்குள் கேட்டில் நிற்காவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். மச்சாண்டார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"வாசல்ல காரை வச்சிகினு என் பொண்டாட்டி ஷேர் ஆட்டோல இடிச்சிகினு போவக் கூடாது. நானே வுடுவேன்."

அன்று காலை அக்கா நீலச் சீருடைப் புடவையில், பூ வைத்துக்கொண்டு நின்றாள். மச்சாண்டார் எதிரில் நான் பேசுகிற வழக்கமில்லை. எங்கள் வீட்டுக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தார்ப்பாயை உருவினார், சாவியைத் திருகினார். 'டொக்' என்றது. மறுபடி திருகினார். மறுபடி 'டொக்'.

"இன்னாடா இது, நேத்து கூட நல்லா இருந்திச்சே!"

பொய். ஆயுத பூஜைக்குப் பிறகு அந்த வண்டியை அவர் தொடவேயில்லை. மழை வேறு விடாமல் பெய்திருந்தது.

நைட் ஷிப்ட் முடித்து வந்த மாரிமுத்து, ரூம் பையன்களில் ஒருவன், பானட்டைத் தூக்கினான்.

"பேட்டரி முனை பூத்துப் போச்சு அண்ணாச்சி. வெந்நீ ஊத்துவோம்."

அக்கா உள்ளே ஓடிப்போய் வெந்நீர் கொண்டுவந்தாள். ஊற்றித் துடைத்து முறுக்கியதும் இன்ஜின் சுற்றியது. ஆனால் பிடிக்கவில்லை, காசநோய்க்காரன் மாதிரி இருமி இருமி நின்றது. கூடவே ஒரு நாற்றம் வந்தது. என் கதவு வரை வந்தது.

மாரிமுத்து காற்று வடிகட்டிப் பெட்டியின் மூடியைக் கழற்றினான். கழற்றியதும் தலையைப் பின்னுக்கு இழுத்தான்.

"எலி குடித்தனம் நடத்துது அண்ணாச்சி! ஒயரையும் கடிச்சிருக்கு. உள்ள பூரா பொரியால்லா கிடக்கு. பூசையன்னிக்கு நீங்க வச்ச படையலு."

ஆயுத பூஜையன்று மச்சாண்டார் பானட்டைத் திறந்து, இன்ஜின் மேல் பொரியும் கடலையும் வெல்லமும் கை கையாக இறைத்தார். மறுநாள் அக்கா துடைக்கப் போனபோது, "பூஜை போட்டதைப் பெருக்குனா லட்சுமி பூடுவா" என்று அதட்டி, அப்படியே மூடித் தார்ப்பாயும் போட்டுவிட்டார். லட்சுமி இருந்தாளோ என்னவோ, எலி இருந்தது.

"நான் எடுக்கேன்க்கா, நீங்க தள்ளி நில்லுங்க" என்றான் மாரிமுத்து.

"நீ ஒயரைப் பாரு" என்றார் மச்சாண்டார். தோள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு அக்கா பக்கம் திரும்பினார். "நீ எடுத்துப் போடு. மீன் ஆஞ்ச கைதானே. சீக்கிரம், உன் வேலைக்குத்தான் லேட்டாவுது."

அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு கையை விட்டாள். மூத்திரத்தில் ஊறிக் கறுத்த பொரி, தார்ப்பாய் நார், அவள் ரவிக்கைத் துணி ஒன்றின் கிழிசல், நடுவில் கண் திறக்காத ரோஸ் நிறக் குஞ்சுகள். ஒன்று அவள் விரலில் ஒட்டிக்கொண்டு நெளிந்தது. எனக்கு வாயில் எச்சில் ஊறியது, துப்பினேன். எலியை என்ன சொல்வது, வைத்ததைத் தின்றது. துண்டுக்குள்ளிருந்து "அந்த மூலைல பாரு, இன்னும் கீது" என்று வேலை ஏவிய அந்த முகத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

எல்லாம் எடுத்த பிறகும் வண்டி கிளம்பவில்லை. ஒயர் மாற்ற மெக்கானிக் வரவேண்டும் என்றான் மாரிமுத்து.

"சரி வுடு. நாளைக்குப் போய்க்கலாம்" என்றார் மச்சாண்டார்.

அக்கா குழாயடியில் புளியும் சோப்பும் போட்டுக் கையைத் தேய்த்தாள். முகர்ந்து பார்த்தாள். மறுபடி தேய்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

"ஏய், எங்க போற? ஷேர் ஆட்டோல போனா ஊர்ல இன்னா பேசுவான்?"

"எலி குடியிருக்குது, காலி பண்ணதும் ஏறிக்கிறேன்னு சொல்லு."

மாரிமுத்து சிரிப்பை அடக்க முடியாமல் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

சாயங்காலம் என்னிடம் வந்தவள் காரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"வாட்ச்மேன் கேட்டை மூடப் போனான் ராஜம்மா, உள்ள ஓடிட்டேன். சூப்பர்வைசர் பேரு சொல்லிக் கூப்ட்டாரு. காந்திமதின்னு. எனக்கே யாரோன்னு இருந்திச்சி."

அதே நேரம் டீக்கடையில் மச்சாண்டார், "நான்தான் காலைல வண்டில கொண்டு போய் வுட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்ததாக என் வீட்டுக்காரர் வந்து சொன்னார்.

அக்கா அதன்பிறகு தினமும் ஷேர் ஆட்டோவில்தான் போனாள். மறுவருஷ ஆயுத பூஜைக்கும் மச்சாண்டார் பானட்டைத் திறந்து பொரியை வாரி இறைத்தார். ஓவர்டைம் இருக்கிறது என்று அக்கா கிளம்பிவிட்டாள். அவர் எனக்குக் கொடுத்தனுப்பிய பொரியைக் கோழிக்குப் போட்டேன்.