ஜமீலா டீச்சர் போன வீடுகள்

ஜமீலா டீச்சர் மௌத்தான செய்தி பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அதற்கடியில், ‘ஈடு செய்ய இயலாத இழப்பு’ என்று பழைய செயலாளர் எழுதியிருந்தார். டீச்சரின் அறையைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டவர் அவர்தான். இந்தக் குழுவில் இருக்கும் உங்களில் பலர் அதை மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை.

ராஜபாளையத்தில் எங்கள் பள்ளியில், முரடு என்று பெயரெடுக்கத் தொடங்கும் பிள்ளைகளை அது முற்றுவதற்குள் கவனிக்க வேண்டும் என்று அந்த அறையைப் போராடி வாங்கியவர் டீச்சர். காலையில் மணி அடிக்கும் முன் அவர்கள் அங்கே வருவார்கள். மாலையில் டீச்சர் அவர்கள் வீடுகளுக்குப் போவார். துணைக்கு, அங்கே உடன் வாத்தியாராக இருந்த என்னையும் இழுப்பார்.

ஆறாம் வகுப்பு முருகன் பக்கத்துப் பையனைக் காம்பஸால் குத்தியபோது, இன்னொரு புகார் வந்தால் டி.சி. என்றார் செயலாளர். அன்று மாலையே ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் அவன் வீட்டுக்குப் போனோம். எங்களைக் கண்டதும் அவன் அம்மா விளக்குமாற்றை எடுத்துவிட்டார்.

“ஏலே, இன்னிக்கு எவன் மண்டைய ஒடச்ச?”

“அடிக்காதீங்கம்மா,” என்றார் டீச்சர். “நேத்து பஸ்ல ஒரு சின்னப்புள்ள நின்னுக்கிட்டே வந்துச்சு. இவன் எந்திரிச்சு எடம் குடுத்தான். அதைச் சொல்லத்தான் வந்தோம்.”

“எம்புள்ளையா? வேற எவனையாச்சும் பாத்திருப்பீய.”

“நாந்தாம்மா!” என்று உள்ளேயிருந்து கத்தினான் முருகன்.

திரும்பும்போது கேட்டேன்: “குத்தினதைச் சொல்லவே இல்லையே, டீச்சர்?”

“அதை அடுத்த தடவை பேசுவோம், சார். மொதத் தடவையே குறையோட போனா, மறு தடவை கதவு தெறக்காது.”

அடுத்த தடவை நாங்கள் போக வேண்டியிருக்கவில்லை. இரண்டு நாளில் அந்த அம்மாவே பள்ளிக்கு வந்தார். புருஷன் விட்டுப்போனதிலிருந்து பையன் ராத்திரியில் தூங்குவதில்லை என்றார். சொன்னால் பள்ளியை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்று அதுவரை மறைத்திருக்கிறார். மறுநாள் முதல் காலையில் அந்த அறையில் பாய் விரித்து முருகனைத் தூங்கவிட்டார் டீச்சர். இன்னொரு புகார் வரவில்லை. பன்னிரண்டாம் வகுப்பை அவன் எங்களிடமே முடித்தான்.

ஆனால் அந்தப் பாயைக் காட்டித்தான், “இது பள்ளிக்கூடமா, லாட்ஜா?” என்று செயலாளர் அறையைப் பூட்டினார். ஆசிரியர்கள் சிலர் சிரித்தார்கள். அவர்கள் பெயரும் எனக்கு நினைவிருக்கிறது. டீச்சர் பாயை வராந்தாவுக்குக் கொண்டுபோனார்.

“அவிய மேல உள்ள கோவத்தப் பிள்ளைய மேல காட்டிராதீய, சார்,” என்றார் என்னிடம். அவர்களை மன்னித்துவிடும்படியும் பலமுறை சொன்னார். அது என்னால் ஆகவில்லை, இனியும் ஆகாது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது வேறு. இந்த வாரமும் ஒரு பையன்மேல் புகார் வந்திருக்கிறது. அவனைப் பற்றி வீட்டில் சொல்லத்தக்க நல்லது ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்த அன்று போவேன்.